'நம்மால ஆவாதுங்க' என்பவரை எங்கே அழைத்துப் போவது?

திருப்பூரில் ஆர்டர் கைவிட்டுப்போன பனியன் கம்பெனிக்காரர், கோவையில் அரியர் வைத்த பொறியியல் மாணவன், கடன் வாங்கிக் கோழிப்பண்ணை போட்ட பல்லடத்துக்காரர். எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "நம்மால ஆவாதுங்க." வீட்டார் முதலில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். அடுத்து, பணம் கட்டித் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்கிறார்கள்.

கயிற்றால் நாள்தான் வீணாகும். மாத்திரை அப்படியல்ல. அல்பிரசோலம் போன்றவை எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் விதி. பழகியபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இது கடைக்காரருக்குத் தெரியாததல்ல. சோதிக்க வேண்டிய அதிகாரிகளுக்கும் தெரியாததல்ல.

வகுப்புகளில் 'என்னால் முடியும்' என்று கத்தச் சொல்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பற்றிய நல்ல வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது இன்னும் சோர்ந்துபோனார்கள். மனம் நம்பாததைக் கத்தி என்ன பயன்?

பயன் தருவது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த வழி. ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள்: 'ஒரு பேப்பர் போச்சு.' மனம் சொன்னதை எழுதுங்கள்: 'நான் உருப்படமாட்டேன்.' அதற்கு என்ன சாட்சி, எதிர்ச்சாட்சி என்ன என்று கீழே எழுதுங்கள். மிஞ்சுவது 'இந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டும்' என்ற உண்மை மட்டும்தான். புகழ்ச்சி தேவையில்லை, கணக்கு நேராக இருந்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, வேலையில் கை ஓடவில்லையென்றால் நோட்டு போதாது. கோவை திருச்சி சாலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய், மனநலப் பிரிவுக்கு என்று கேட்டு ஓபி சீட்டு வாங்குங்கள். திருப்பூர்க்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், ஈரோட்டுக்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் போகலாம். பழைய மருந்துச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை இரண்டையும் கையில் எடுத்துப்போங்கள். தனியாரிடம் போனால், மனநல மருத்துவரா என்று பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவெண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"வெளியே தெரிந்தால் பிள்ளைக்கு வரன் அமையாதே" என்பவர்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21(4). ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஓபி செலவு வராது. டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மருந்துச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். மறுத்தால் வாயால் சண்டை போடாமல் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதுங்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

"நான் இருந்து என்ன" என்ற பேச்சு வீட்டில் கேட்டால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சாணிப்பவுடர், பூச்சிமருந்து, மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கடையில் மாத்திரை கேட்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.