தண்டிக்கும் நாயகனும் விசாரிக்கும் மன்றும்

சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தீயோரைத் தண்டிக்கும் நாயகன் தமிழ்த் திரைக்குப் புதியவன் அல்லன். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'சட்டம் ஒரு இருட்டறை', 1985இல் வந்த 'நான் சிகப்பு மனிதன்', 1996இல் வந்த 'இந்தியன்', 2005இல் வந்த 'அந்நியன்' எனப் பலவற்றை நீங்கள் அறிவீர்கள். நடிகர் மாறினர், ஆயுதம் மாறியது, கதையின் உயிர்நிலை மாறவில்லை. நீதிமன்று கைவிட்ட இடத்தில் ஒரு தனிமனிதன் எழுகின்றான். படமாளிகையில் கரவொலி எழுகின்றது. அக்கரவொலியின் காரணம் யாது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

'நான் சிகப்பு மனிதன்' படத்தை எடுத்துக்கொள்வோம். எஸ். ஏ. சந்திரசேகரன் இயக்கிய இப்படத்தில் ரஜனிகாந்த் ஒரு கல்லூரி ஆசிரியராக வருகின்றார். தங்கை கயவர் கையிற் சிக்கிச் சீரழிந்து உயிரிழக்கின்றாள். புத்தகம் ஏந்திய கை துப்பாக்கி ஏந்துகின்றது. இரவு தோறும் குற்றவாளிகள் வீழ்கின்றனர். 1984இல் வந்த 'ஆஜ் கி ஆவாஸ்' என்னும் இந்திப் படமே இதன் மூலம். இவ்வகைக் கதைகளுக்கு உலகெங்கும் வழி திறந்துவிட்டது, 1974இல் வந்த 'டெத் விஷ்' என்னும் அமெரிக்கப் படம். அதற்கு அடிப்படையான நாவலை 1972இல் எழுதியவர் பிரையன் கார்ஃபீல்ட். பழிவாங்கப் புறப்படுபவன் தானும் கெடுகின்றான் என்று எச்சரிப்பதே அவர் நோக்கம். படமோ அவனை வீரனாக்கிவிட்டது. எழுத்தாளர் மனம் நொந்து, தம் கருத்தைத் தெளிவுபடுத்த 1975இல் மற்றொரு நாவல் எழுதினார்.

எச்சரிக்கை எவ்வாறு புகழ்ச்சியாக மாறியது? விடை திரைக்கலையின் இயல்பிலேயே இருக்கின்றது. படத்தில் குற்றம் நம் கண்முன்னே நிகழ்கின்றது. செய்தவன் முகத்தை அண்மையிற் காண்கின்றோம். அவன் நகைப்பதையும் கேட்கின்றோம். ஆகவே நாம் அனைவரும் கண்கண்ட சாட்சிகள் ஆகிவிடுகின்றோம். அதன்பின் விசாரணை எதற்கு? சட்டத்தரணியின் குறுக்கு விசாரணை வீண் தாமதமாகவே தோன்றுகின்றது. நாயகன் ஒருபோதும் ஆள்மாறிச் சுடுவதில்லை. ஏனெனில் கதாசிரியர் அவனுக்கு ஐயமின்றி யாவற்றையும் உணர்த்திவிடுகின்றார். அத்தகைய ஞானக்கண்ணை வாழ்க்கை எவருக்கும் அளிப்பதில்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்ல ஆணையிட்டமையே. குற்றவாளி யார் என்பது தனக்குத் தெரியும் என்று அரசன் எண்ணினான். கண்ணகியோ அரசவைக்கு வாள் ஏந்தி வரவில்லை. சிலம்பு ஏந்தி வந்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். உடைத்துக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. மதுரையைத் தீ உண்டது பின்னர் நடந்த செயல். வழக்கை வென்றது சான்றுதான். வற்றாப்பளையிலும் நம் ஊர்கள் பலவற்றிலும் கண்ணகையம்மனுக்குப் பொங்கலிடும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

ஆயினும் மறந்த காலமும் ஒன்று உண்டு. 1980களின் நடுப்பகுதியில், 'நான் சிகப்பு மனிதன்' வெளிவந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துச் சந்திகளில் மின்கம்பங்களோடு கட்டப்பட்ட உடல்கள் காணப்பட்டன. திருடன், சமூக விரோதி, காட்டிக்கொடுத்தவன் என்று எழுதிய அட்டை கழுத்திலே தொங்கும். ஆயுதம் தாங்கிய இயக்கங்கள் வழங்கிய தண்டனை அது. குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு யாவும் அந்த ஓர் அட்டையில் அடங்கின. மறுமொழி கூற இறந்தவனுக்கு இடமில்லை. அவர்களுள் எத்தனை பேர் உண்மையிற் குற்றம் செய்தவர், எத்தனை பேர் அயலவனின் பகைக்கு இரையானவர் என்பதை இனி எவரும் அறிய இயலாது. விசாரணையற்ற தண்டனையின் பெருங்கொடுமை இதுவே: அது மனிதனோடு உண்மையையும் சேர்த்துப் புதைத்துவிடுகின்றது.

இனி, அண்மைக் காலத்து வழக்கொன்றைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டு மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி கடத்தப்பட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். குடாநாடு முழுவதும் கொதித்தெழுந்தது. கடைகள் மூடப்பட்டன; மாணவர் வீதிக்கு வந்தனர். சந்தேக நபர்களை மக்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்ற குரலும் எழுந்தது. மே 20ஆம் நாள் யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதி கல்வீச்சுக்கு இலக்காயிற்று; நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அந்தச் சினம் இயல்பானது. பெண் குழந்தை உள்ள எந்த வீட்டில் அது எழாதிருக்கும்?

வழக்கைப் பின்னர் மேல் நீதிமன்ற நீதிபதிகளான சசிமகேந்திரன், இளஞ்செழியன், பிரேம்சங்கர் ஆகிய மூவர் அடங்கிய தீர்ப்பாயம் விசாரித்தது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எதிரிகள் ஒன்பது பேரில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எஞ்சிய இருவரும் குற்றம் நிரூபிக்கப்படாமையால் விடுவிக்கப்பட்டனர். நேயர்களே, இந்த இரண்டு என்னும் எண்ணைச் சற்றுச் சிந்தியுங்கள். கூட்டத்தின் கைகளுக்கு ஒன்பது பேரும் ஒரே நிறமாகவே தெரிந்திருப்பர். எழுவரையும் இருவரையும் பிரித்துக் காட்டியது நீண்டு சென்ற அந்த விசாரணையே.

நீதிமன்றுகள் குறையற்றவை என்று நான் கூறவில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. சாட்சி சொல்ல ஏழைகள் அஞ்சுகின்றனர். போர்க்காலத்திற் காணாமற்போனோரின் தாய்மார் இன்னமும் விடை தேடி நிற்கின்றனர். நீதி தாமதிக்கும் இடத்திலேதான் திரைநாயகனுக்கு இரசிகர் பெருகுகின்றனர். ஆதலால் அப்படங்களை வெறுத்து ஒதுக்குதல் போதாது. அவை சுட்டும் நோயை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அந்நோய்க்கு மருந்து துப்பாக்கி அன்று. அஞ்சாத சாட்சியும், நேர்மையான பொலிஸ் விசாரணையும், விரைந்து தீர்க்கும் மன்றுமே ஆகும்.

பெற்றோர் பிள்ளைகளோடு இத்தகைய படத்தைப் பார்க்க நேரின், அதனைத் தடுக்கவேண்டுவதில்லை. படம் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "சுடப்பட்டவன்தான் குற்றவாளி என்பது உனக்கு எப்படித் தெரியும்?" படத்திற் பார்த்தேன் என்று பிள்ளை கூறும். படமே இல்லாத நம் ஊர்த் தெருவில் அதனை எப்படி அறிவாய் என்று அடுத்துக் கேளுங்கள். பிள்ளை சிந்திக்கத் தொடங்கும்.