எட்டு மணி நேரத்துல ஒரு ஊர்!

புக்கெட் பழைய டவுன், தலாங் ரோடு. நானும் சித்தப்பா பையனும் ஆளுக்கொரு ஐஸ்க்ரீமோட, கலர் கலரா நிற்கிற பழைய வீடுகள் முன்னாடி போட்டோவா எடுத்துத் தள்ளிக்கிட்டு இருந்தோம். என் செல்போன்ல மணி 2.40. கப்பலுக்குத் திரும்புற கடைசிப் படகு 4.30-க்கு. ‘‘இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குடா’’னு அடுத்த தெருவுக்குள்ள நுழையப் போனப்போ, சித்தி தன் கை வாட்ச்சைப் பார்த்துட்டுக் கேட்டாங்க... ‘‘டேய், 3.40 ஆயிடுச்சு. கிளம்பலாமா?’’

எந்த மணி சரினு யோசிக்கிறீங்களா? ரெண்டுமே சரி பாஸ்! பிரச்னையே அதுதான். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, கப்பல் டூர்ல பாதிப் பேர் கோட்டை விடுற விஷயத்தைப் பார்த்துடலாம்.

செமஸ்டர் லீவுல சிங்கப்பூர் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ‘‘சும்மா வீட்டுல உட்கார்ந்து என்னடா பண்ணப் போறே?’’னு அவர் புக் பண்ணினது அஞ்சு ராத்திரி கப்பல் பயணம். சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டர்ல ஏறினா போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட்னு மூணு இடத்துல நின்னு, மறுபடி சிங்கப்பூர். கப்பலுக்குள்ள நீச்சல் குளம், நாடகம், நாள் முழுக்க சாப்பாடு... அதெல்லாம் விளம்பரத்துலயே இருக்கும், நான் சொல்ல வேண்டாம். விளம்பரத்துல இல்லாதது என்னன்னா, ஒவ்வொரு ஊர்லயும் உங்களுக்குக் கிடைக்கிறது ஏழெட்டு மணி நேரம்தான். அதுலயும் இறங்குற வரிசை, குடியேற்றச் சோதனை, திரும்பி வர்ற அவகாசம் எல்லாம் போக மிச்சம் இருக்கிறதுதான் உங்க ஊர்.

முதல் பல்பு, போர்ட் கிளாங்ல வாங்கினேன். பயணத் திட்டத்துல ‘கோலாலம்பூர்’னு பெருசா போட்டு, பக்கத்துல பொடி எழுத்துல ‘போர்ட் கிளாங்’னு போட்டிருந்தது. நான் பெரிய எழுத்தை மட்டும் படிச்சேன்! காலையில பால்கனி வழியா எட்டிப் பார்த்தா... ட்வின் டவரையும் காணோம், ஒண்ணையும் காணோம். கப்பல் நிற்கிறது புலாவ் இந்தா என்கிற தீவுல. கோலாலம்பூர் அங்கேயிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

நாங்க மட்டும்தான் ஏமாளினு நினைக்காதீங்க. உலகம் முழுக்க இதே கதைதான். ‘ரோம்’னு போட்டிருந்தா கப்பல் போய் நிற்கிறது சிவிதாவெக்கியாவுல. அங்கேயிருந்து ரோமுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ரயில். ‘ஃப்ளாரன்ஸ்’னா லிவோர்னோ. ‘பாரிஸ்’னா லெ ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அதனால புக் பண்ற அன்னைக்கே ஊர் பேரைப் பார்க்காதீங்க, துறைமுகத்தோட பேரைப் பாருங்க. மேப்பைத் திறந்து கப்பல் படிக்கட்டுலேர்ந்து நீங்க போக நினைக்கிற இடத்துக்குத் தூரத்தை அளந்துடுங்க.

அன்னைக்கு எங்க கணக்கு இப்படிப் போச்சு. கப்பல் நின்னது 8 மணிக்கு. சோதனை முடிஞ்சு வெளியே வர 9.15. வேன் பிடிச்சு பத்துமலை போய்ச் சேர்ந்தப்போ 10.45. தங்க நிறத்துல 140 அடி முருகர்... சிலைகிட்டே நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது! 272 படி ஏறி, மூச்சு வாங்கி, சாமி கும்பிட்டு இறங்கினதுல ஒன்றரை மணி நேரம் ஓடிடுச்சு. அப்புறம் பெட்ரோனாஸ் டவர் வாசல்ல முக்கால் மணி நேரம். 452 மீட்டர் கட்டடத்தை ஒரே ஃபிரேமுக்குள்ள கொண்டு வர சித்தப்பா தரையில படுத்தே போட்டோ எடுத்தார். மேலே ஏற நேரம் இல்லை. 1.30-க்கு வேன்ல ஏறிட்டோம். மொத்தத்துல மூணரை மணி நேரம் வேன்ல, ரெண்டேகால் மணி நேரம் ஊர்ல.

இன்னொரு தடவை போனா கோலாலம்பூரை விட்டுடுவேன். அதுக்குத் தனியா ஃப்ளைட் ஏறிப் போய் மூணு நாள் தங்கணும். கப்பல்ல வந்தா கிளாங் டவுன் போதும். தூரம் பாதிகூட இல்லை. அங்கே தெங்கு கிளானா ரோடு முழுக்க நம்ம ஆளுங்க கடைதான்... புடவை, பூ, வாழை இலைச் சாப்பாடு. ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?’னு கேட்பீங்க. ஹைவேயில டோல்கேட் எண்ணுறதுக்கு இது மேல் இல்லையா?

பினாங்குதான் நம்ம பயணத்தோட ஹீரோ. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுனுக்குள்ளயே இருக்கு. இறங்கி ரோட்டைத் தாண்டினா ஊர். டாக்ஸி வேண்டாம், கைடு வேண்டாம், கால் இருந்தா போதும். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச ஊர் இது.

வெளியே வந்ததும் முதல்ல கண்ல படுறது ஒரு வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதைக் கொண்டாட, 1897-ல் ஒரு சீனப் பணக்காரர் கட்டக் கொடுத்தது. உயரம் 60 அடி. வருஷத்துக்கு ஒரு அடி! ரெண்டாம் உலகப் போர்ல பக்கத்துல குண்டு விழுந்ததுல லேசா சாய்ஞ்சு நிற்கும். சிவில் பசங்க யாராவது போனா ஒரு தூக்குக்குண்டு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, வைவாவுக்கு உதவும். எதிர்லயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கின இடம். நாங்க வெளியிலேர்ந்து ஒரு சலாம் போட்டுட்டு நகர்ந்துட்டோம்.

அங்கேயிருந்து மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ரோட்டுக்குள்ள நுழைஞ்சா, எனக்கு ஒரு கட்டத்துல எந்த ஊர்ல இருக்கோம்னே குழம்பிடுச்சு. முதல்ல 1818-ல் கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச். கொஞ்சம் தள்ளி ஊதுபத்திப் புகை மூட்டத்தோட சீனர்களோட குவான் யின் கோயில். பக்கத்துத் தெரு குவீன் ஸ்ட்ரீட்ல, 1833-லிருந்து இருக்கிற மகா மாரியம்மன் கோயில் கோபுரம். அந்த ரோட்டோட பேருக்குக் காரணமான பள்ளிவாசலை 1801-ல் உண்டாக்கினவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வியாபாரி. நாலுக்கும் நடுவுல நடந்தது மொத்தமே பத்துப் பதினைஞ்சு நிமிஷம்தான். தமிழ் முஸ்லிம்களை ‘சூலியா’னு கூப்பிட்ட காலத்துல வந்த பேர்ல இன்னமும் ஒரு சூலியா தெரு இருக்கு. அதுல ஒரு நாகூர் தர்காவும் இருக்கு. நாகப்பட்டினத்துலேர்ந்து பாய்மரக் கப்பல்ல எத்தனை வாரம் ஆடி ஆடி வந்தாங்களோ... நாம ஏசி ரூம்ல தூங்கி எழுந்து இறங்குறோம்.

பசிச்சா நாசி கண்டார். ‘நாசி’னா சோறு. ‘கண்டார்’னா தோள்ல வெச்சுச் சுமக்குற கம்பு. நம்ம காவடி மாதிரி ரெண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்த தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பிச்சு வெச்சது. ‘குவா பஞ்சிர்’னு கேட்டா நாலைஞ்சு குழம்பையும் ஒண்ணா ஊத்துவாங்க. ‘பஞ்சிர்’னா வெள்ளம்! ஹாஸ்டல் சாம்பார் வெள்ளத்தோட தயவுசெஞ்சு ஒப்பிடாதீங்க.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல சுவர் ஓவியங்கள் ஃபேமஸ். 2012-ல் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் வரைஞ்ச ரெண்டு குழந்தைங்க, சுவத்துல பதிச்ச நிஜ சைக்கிள்ல உட்கார்ந்திருக்கும். போட்டோ எடுக்க க்யூவுல நிற்கணும். நான் இருபது நிமிஷம் நின்னேன். அந்த நேரத்துக்கு இன்னொரு ப்ளேட் சாப்பிட்டிருக்கலாம்! அங்கேயிருந்து கடலைப் பார்த்து நடந்தா சூ ஜெட்டி. தண்ணிக்கு மேல மரத்தூண் நட்டு, பலகை போட்டுக் கட்டின சீனக் குடும்பங்களோட வீடுகள். இன்னமும் ஆளுங்க குடியிருக்காங்க. அதனால வாசல் கதவு திறந்திருக்கேனு கேமராவை உள்ளே நீட்டாதீங்க. உங்க வீட்டு சமையலறைக்குள்ள ஒருத்தன் எட்டிப் பார்த்து க்ளிக் பண்ணினா சும்மா இருப்பீங்களா?

சித்தப்பாவுக்கு பினாங்கு ஹில் போகணும்னு ஆசை. 1923-லிருந்து மலை மேல கயிறு இழுத்து ஏத்துற ரயில் ஓடுது. மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டான எனக்கும் கை அரிச்சுது. ஆனா, போக வர டாக்ஸி, அங்கே க்யூ, மேலே சுத்துறதுனு கணக்குப் போட்டா பாதி நாள் காலி. ஓட்டெடுப்பு நடத்தி, மூணுக்கு ஒண்ணுனு அவரைத் தோற்கடிச்சோம்.

இப்போ கொஞ்சம் சீரியஸ். வெளியே சுத்திக் காட்ட கப்பல்காரங்களே டூர் விற்பாங்க. காசு அதிகம்தான். ஆனா, அந்த பஸ் டிராஃபிக்ல மாட்டினா கப்பல் காத்திருக்கும், இல்லைனா உங்களைக் கொண்டு சேர்க்கிறது அவங்க பொறுப்பு. நீங்களே வேன் பிடிச்சுப் போய் லேட்டானா டாட்டா காட்டிட்டுக் கிளம்பிடும். 2024 மார்ச்ல ஆப்பிரிக்காவோட சாவோ டோமே தீவுல எட்டுப் பேருக்கு இதான் நடந்தது. தனியா ஏற்பாடு பண்ணின டூர்ல போய் லேட்டா வந்தாங்க. கப்பல் கண்ணுக்கு எதிர்லயே நின்னும் ஏத்தலை. நாடு நாடா துரத்திக்கிட்டுப் போய், செனகல்லதான் அதைப் பிடிக்க முடிஞ்சது.

அதனால என் பாலிசி இதுதான். துறைமுகம் ஊருக்குள்ளயே இருந்தா சொந்தமா நடங்க, காசும் மிச்சம், சுதந்திரமும் மிச்சம். ஊர் ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளியிருந்தா, ஒண்ணு கப்பல் டூர், இல்லைனா அந்த ஊரையே மறந்துட்டுப் பக்கத்துல இருக்கிறதைப் பாருங்க. எப்படிப் போனாலும் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திரும்பிடுங்க. டிசைன் பேப்பர்ல ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி’ போடாம விட்டா மார்க்தான் போகும். இங்கே கப்பலே போயிடும்!

துறைமுக ஏஜென்ட் நம்பர் கப்பல்ல தினமும் தர்ற தாள்ல இருக்கும். இறங்குறதுக்கு முன்னாடி அதை போட்டோ எடுத்துக்கோங்க. எங்க கப்பல்ல பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அதனால பாஸ்போர்ட் காப்பி பாக்கெட்லயே இருக்கட்டும். இந்தியாவிலிருந்து போறவங்களுக்கு சிங்கப்பூர் விசா பலமுறை நுழையற வகையா இருக்கணும், ஏன்னா கப்பல்ல வெளியே போய் மறுபடி உள்ளே வர்றீங்க. அப்புறம், நடுக்கடல்ல செல்போனை ஃப்ளைட் மோடுக்கு மாத்திடுங்க. கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிச்சுட்டா, வர்ற பில்லைப் பார்த்து அப்பாவே உங்களைக் கடல்ல தள்ளிடுவார்.

சிங்கப்பூர்ல சித்தப்பா இல்லையேனு ஏங்க வேண்டாம். 2023 ஜூன்ல நம்ம சென்னைத் துறைமுகத்துலேர்ந்தே ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைனு இலங்கைக்கு ஒரு சுற்றுலாக் கப்பல் கிளம்பியிருக்கு. அந்த மாதிரி வாய்ப்பு வந்தா இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. காங்கேசன்துறையிலேர்ந்து கீரிமலை கூப்பிடு தூரம், யாழ்ப்பாணமும் நல்லூரும் சுமார் 20 கிலோமீட்டர். திருகோணமலையில கோணேஸ்வரம் கோயில் கோட்டைக்குள்ளயே இருக்கு.

சரி, புக்கெட்டுக்கு வருவோம். அங்கே எங்க கப்பல் கரைக்கு வரலை. படோங் கடற்கரைக்கு எதிர்ல நங்கூரம் போட்டு, சின்னப் படகுல ஆளுங்களை இறக்கினாங்க. டோக்கன் வாங்கி வரிசையில நின்னு இறங்கவே ஒரு மணி நேரம் போயிடுச்சு. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் மழைக்காலத்துல அலை பெருசா இருக்கும். ரொம்ப மோசமா இருந்தா கேப்டன் இறங்கவே விடமாட்டார். கரையில சிவப்புக் கொடி பறந்தா கடல்ல காலை வைக்காதீங்க.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. எங்க கப்பல் சிங்கப்பூர் நேரத்தை மாத்தவே இல்லை. ஆனா, கரையில இறங்கி ஃப்ளைட் மோடை எடுத்ததும், என் புத்திசாலி செல்போன் தானாவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிடுச்சு. கப்பல் கடிகாரத்துல 3.40, என் கையில 2.40. நாங்க நிற்கிறது படோங்லேர்ந்து 15 கிலோமீட்டர் தள்ளி, நடுவுல ஒரு மலைப்பாதை.

ஐஸ்க்ரீமைப் போட்டுட்டு டாக்ஸிக்கு ஓடினோம். மலைப்பாதை வளைவுல வண்டிங்க எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. சித்தப்பா ஒண்ணும் பேசலை, அதுதான் ரொம்ப பயமா இருந்தது. படோங் வந்து சேர்ந்தப்போ சித்தி வாட்ச்ல 4.23. மணல்ல செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி மிதவை மேல ஏறினப்போ, படகுல கயித்தை அவுத்துக்கிட்டு இருந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒதுங்கி வழி விட்டார், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் திரும்பினதும் சித்திகிட்டே அந்த வாட்ச்சை ஞாபகார்த்தமா கேட்டேன். ‘‘முஸ்தபாவுல நிறைய இருக்கு, போய் வாங்கிக்கோ’’னுட்டாங்க.