ஆகக் குறைந்த கட்டுப்பணத்துக்குள் என்ன இருக்கிறது?

திருகோணமலையில் ஒரு வானுக்கு முழுக் காப்புறுதி எடுக்க ஐந்து கொம்பனிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து விதமான கட்டுப்பணம் சொல்வார்கள். வான் ஒன்றுதான், அது ஓடும் வீதிகளும் அவைதான். அடுத்த வருடம் அது எங்காவது மோதுமா என்பது எவருக்கும் தெரியாது. பழைய விபத்துக் கணக்குகளை வைத்து ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள்.

இங்கேதான் கணிதம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. நியாயமான கட்டுப்பணம் 60,000 ரூபாய் என்றும், ஒவ்வொரு கொம்பனியின் கணக்கும் மேலோ கீழோ ஏறத்தாழ 10 சதவீதம் பிசகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தின் சராசரி 60,000க்குக் கிட்டத்தான் வரும். ஆனால் நாம் சராசரியையா வாங்குகிறோம்? ஆகக் குறைந்ததை அல்லவா வாங்குகிறோம்! அது பெரும்பாலும் 53,000 அளவில் நிற்கும். பத்துப் பேரிடம் கேட்டால் 51,000க்கு இறங்கிவிடும். ஒருவரும் ஏமாற்றவில்லை. தேடத் தேட, கூடுதலாகப் பிழைவிட்டவரிடமே போய்ச் சேருகிறோம்.

1971இல் கேப்பன், கிளாப், காம்ப்பெல் என்ற மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியியலாளர்கள் இந்தப் பொறியை எழுதிக் காட்டினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற கொம்பனிகள் எதிர்பார்த்த இலாபத்தைக் காணவில்லை. அடியில் கிடக்கும் எண்ணெயை அளவுக்கு மீறி மதித்தவரே ஏலத்தை வென்றிருந்தார். காப்புறுதியில் இது தலைகீழ்: ஆபத்தைக் குறைத்து மதித்தவருக்கு வாடிக்கையாளர் கிடைக்கிறார்.

கொம்பனியின் பிழை கொம்பனிக்குத்தானே நட்டம் என்று கேட்கலாம். ஊகத்தில் பிழை என்றால் அப்படித்தான். நாம் நிரப்பும் படிவத்தில் பிழை என்றால் நட்டம் நம் தலையில்.

பெறுமதியை எடுங்கள். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கோ போய்விட்டது. 25 இலட்சம் என்ற பழைய பெறுமதியிலேயே ஒருவர் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். வானோ சந்தையில் இப்போது 50 இலட்சம். கட்டுப்பணம் மலிவாகத்தான் இருக்கும். சீனக்குடாப் பக்கம் லொறியொன்றில் முட்டி, திருத்த 4 இலட்சம் செலவு என்றால், பொலிசியில் விகிதாசார நிபந்தனை இருக்கும் பட்சத்தில் கைக்கு வருவது 2 இலட்சம். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி, பாதி நட்டஈடு.

அடுத்தது பாவனை. சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு, சீசனில் நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகளை வாடகைக்கு ஏற்றினால் நட்டஈடு மறுக்கப்படலாம். வெள்ளமும் கலவரமும் பல பொலிசிகளில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. மகாவலி பெருகினால் மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறும் மாவட்டத்தில் வெள்ளத்தை விட்டுவிட்டு மலிவு பார்ப்பது, என் கணக்கில், சேமிப்பே அல்ல.

சரி, கொம்பனியே ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டால்? 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் ஓர் ஊழியர் பயிற்சிக்காக இட்ட விலை, இணையக் கடைக்கே ஏறிவிட்டது. 3,854 டொலர் லேசர் அச்சுப்பொறி 66 டொலர்! ஆறு பேர் சேர்ந்து 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஓடர் கொடுத்தார்கள். 2004இல் நீதிமன்றம் அவர்கள் போட்ட வழக்கைத் தள்ளியது. 2005இல் மேன்முறையீட்டிலும் அதே முடிவுதான். பிழை என்று தெரிந்துகொண்டே பிடித்த விலை செல்லாது என்பதே காரணம். இலங்கைச் சட்டத்தின் வேர் வேறு. ஆனாலும் விபத்து நடந்த பிறகு இந்த வாதத்தோடு நீதிமன்றப் படி ஏற யார் ஆசைப்படுவார்?

ஆகவே மற்றவற்றைவிட ஒரு விலை வெகுவாக இறங்கியிருந்தால், பணம் கட்டுமுன் திருப்பிக் கேளுங்கள்: என்ன பெறுமதி, என்ன பாவனை, எவை விலக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டபின்னும் விலை அதேதான் என்றால் தயங்காமல் எடுங்கள்.