வளையாத கைக்கரண்டி எது? உறையூர்ல இருந்து வந்த ஒரு கேள்வி

இந்த வாரம் உறையூர்ல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணா, மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கேன். ரெண்டு குழி தோண்டுறதுக்குள்ள கைக்கரண்டி வளைஞ்சுடுச்சு. ரொம்ப நாள் உழைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

நான் மெக்கானிகல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். படிச்ச படிப்பைப் பத்தி ஒருத்தர் கேள்வி கேட்கிறதே அபூர்வம், அதனால சந்தோஷமா பதில் சொல்றேன். ஆனா தம்பியும் உறையூர், நானும் உறையூர். அதனால பதில் ரெண்டு பாகமா வரும். முதல்ல இரும்பு, அப்புறம் மண்.

ஏன் வளையுது?

நர்சரியில தொங்குற கைக்கரண்டி பூந்தொட்டிக்காகச் செஞ்சது. மெல்லிய தகட்டை அழுத்தி வடிவம் கொடுத்து, ஒரு பிடியில செருகியிருப்பாங்க. பொலபொலன்னு இருக்கிற தொட்டி மண்ணுக்கு அது போதும். நம்ம ஊர் களிமண் கோடையில காய்ஞ்சு இறுகிடும். அதுல நாம தோண்டுறதில்லை, குத்தி நெம்புறோம். அதாவது கரண்டியைக் கடப்பாரையா பயன்படுத்துறோம். நெம்பும்போது அழுத்தம் அதிகமா விழுற இடம் கழுத்து, அதாவது தகடும் பிடியும் சேருற இடம். கரண்டி வளையுறதும் உடையுறதும் பெரும்பாலும் அங்கதான்.

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்க.

முதல் விஷயம் தடிமன். இரும்புக்குள்ள வர்ற அழுத்தம், தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 2 மி.மீ. தகட்டுக்குப் பதிலா 3 மி.மீ. எடுத்தா எடை ஒன்றரை மடங்குதான் கூடும். அதே விசைக்கு வர்ற அழுத்தமோ பாதிக்கும் கீழ இறங்கிடும். விறைப்பு மூணு மடங்குக்கு மேல ஏறும். அந்த ஒரு மி.மீ.க்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

ரெண்டாவது, எந்த இரும்புன்னு பாருங்க. இங்க பல பேர் குழம்புவாங்க. சாதாரண மைல்ட் ஸ்டீலும் ஸ்பிரிங் ஸ்டீலும் ஒரே தடிமன்ல இருந்தா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம் கையை எடுத்த பிறகுதான் தெரியும். மைல்ட் ஸ்டீல் சீக்கிரமே வளைஞ்சபடி நின்னுடும். ஸ்பிரிங் ஸ்டீல் பழைய நிலைக்குத் திரும்பிடும். அதுல கார்பன் அதிகம். காய்ச்சி, சட்டுனு குளிரவச்சு கடினமாக்கி, திரும்ப மிதமா சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பாங்க. அந்தக் கடைசி வேலையைச் செய்யாம விட்டா வளையாது, ஆனா பட்டுனு உடைஞ்சுடும். சமையல்பாத்திர வகை ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதுங்கிறது உண்மைதான். ஆனா நெம்புற வேலைக்கு அது ஆகாது. துருவைத் தடுக்கணும்னா, துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவினா போதும்.

மூணாவது, கழுத்து. தகடும் வாலும் ஒரே இரும்பா இருக்கணும். ரெண்டு புள்ளி வெல்டிங்ல ஒட்டியிருந்தா வேண்டாம். வால் பகுதி பிடிக்குள்ள முழு நீளத்துக்கும் போகணும். மரப்பிடின்னா, பிளக்காம இருக்க வாயில ஒரு பூண் இருக்கணும்.

நாலாவது, வடிவம். ஒரு பேப்பரைத் தட்டையா நீட்டிப் பிடிச்சா தொங்கும். லேசா பள்ளமா வளைச்சுப் பிடிச்சா நிமிர்ந்து நிக்கும். கரண்டிக்கும் அதே கணக்குதான். ஜப்பான்காரங்களோட ஹோரிஹோரி கத்தியைப் பாருங்க, தகடு குழிவா இருக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை பண்ணலாம், கடைக்காரர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. முனையைத் தரையில ஊன்றி, பிடியை மெதுவா அழுத்துங்க. லேசா வளைஞ்சு திரும்பினா நல்ல சாமான். வளைஞ்சபடியே நின்னா, நீங்களே நிமிர்த்தி வச்சுட்டு வந்துடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. கொல்லர் பட்டறையில பழைய லாரியோட ஸ்பிரிங் பட்டையில அடிச்சுத் தரச் சொல்லலாம். ஏற்கனவே நல்ல ஸ்பிரிங் ஸ்டீல் அது. பிற்பாடு கிரைண்டர்ல கூர் தீட்டும்போது மட்டும் அடிக்கடி தண்ணியில நனைங்க. விளிம்பு நீலமா மாறுதுன்னா, பதம் போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.

சரி, இப்ப மண்ணுக்கு வருவோம்

நான் ஒன்பதாவது படிச்சப்ப, எங்க வீட்டுக் கொல்லையில செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினாங்க. உள்ள கறுப்பு, வெளிய சிவப்புன்னு பானை ஓடுகள் வந்துச்சு. நான் கொத்தனார் கரண்டியை எடுத்துக்கிட்டு உள்ள இறங்கி, கிடைச்சதையெல்லாம் நெம்பி எடுத்து ஒரு பக்கெட்ல போட்டேன். மறுநாள் பெருமையா வரலாறு வாத்தியார்கிட்ட காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை அடி ஆழத்துல எது கிடைச்சது?" எனக்குத் தெரியலை. பக்கெட்ல எல்லாம் கலந்து கிடந்துச்சு. அவர் திட்டலை, "அடடா"ன்னு மட்டும் சொன்னார். அந்த "அடடா" இன்னும் காதுல இருக்கு.

ஏன் அப்படிச் சொன்னார்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. உறையூர் முற்காலச் சோழர்களோட தலைநகரம். கிரேக்க மொழியில எழுதின பெரிப்ளூஸ் நூல்ல மெல்லிய துணிக்காகச் சொல்லப்படுற "அர்காரு" இந்த ஊர்தான்னு அறிஞர்கள் பலர் கருதுறாங்க. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை இங்க அகழாய்வு செஞ்சுது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்து கீறின ஓடுகள், சாயத்தொட்டின்னு கருதப்படுற ஒரு செங்கல் தொட்டி, இதெல்லாம் கிடைச்சுது. கவனிச்சீங்களா? இதுல எதுக்குமே டிடெக்டர் "பீப்" அடிக்காது. அது அடிக்கிறது சோடா மூடிக்கும் ஆணிக்கும்தான். அந்த ஆணியை எடுக்கப் போய், பக்கத்துல இருக்கிற ஓட்டை உடைச்சுட்டு வருவோம்.

நம்ம பாஷையில சொன்னா, மண் அடுக்கு ஒரு கமிட் ஹிஸ்டரி. பொருள் வெறும் ஃபைல். அது எப்ப வந்துச்சு, கூட எது வந்துச்சுங்கிற தகவல் எல்லாம் அடுக்குலதான் இருக்கு. ஒரு தடவை கலைச்சுட்டா திரும்ப எடுக்க பேக்கப் கிடையாது.

அகழாய்வு செய்றவங்க கையில இருக்கிறதும் சின்ன கொத்தனார் கரண்டி மாதிரிதான் இருக்கும், ஒரே இரும்பா அடிச்சது. ஆனா அவங்க அதை வச்சு நெம்ப மாட்டாங்க. கூரான விளிம்பால மண்ணைத் தன் பக்கமா, மெல்லிசா சுரண்டுவாங்க. அந்தக் கரண்டி பல வருஷம் உழைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்லுது?

யூட்யூப்ல நீங்க பார்க்கிற வீடியோ பலதும் இங்கிலாந்து. அங்க நிலச் சொந்தக்காரர் அனுமதியோட தேடி, கிடைச்சதைப் பதிவு செய்ய ஒரு ஏற்பாடு இருக்கு. இங்க நிலைமை வேற. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்ல அனுமதி இல்லாம தோண்டவே கூடாது. அதுக்கு மேல 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கு. மண்ணுல மறைஞ்சிருந்த மதிப்புள்ள பொருள் கிடைச்சா, கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். அந்தச் சட்டம் எழுதினப்ப வச்ச வரம்பு 10 ரூபாய். மறைச்சா ஒரு வருஷம் வரை சிறை.

2020 பிப்ரவரியில திருவானைக்காவல் கோயில்ல குழி தோண்டினப்ப, ஒரு பாத்திரத்துல 505 தங்கக் காசு கிடைச்சது ஞாபகம் இருக்கா? மொத்தம் 1.716 கிலோ. அது அதிகாரிகள் கைக்குப் போனதாலதான் எத்தனை காசு, என்ன எடைன்னு இன்னிக்கு நம்மால பேச முடியுது.

அப்ப டிடெக்டரை என்ன பண்றது?

வீட்டுத் தோட்டத்துல விழுந்த கம்மல், வயல்ல தொலைஞ்ச டிராக்டர் போல்ட், இதையெல்லாம் சொந்தக்காரர் கேட்டா தேடிக் கொடுங்க. நேத்து விழுந்த பொருள் மேல் மண்ணுலதான் இருக்கும், நாலு விரல் ஆழத்துக்கு மேல போக வேண்டி வராது. கரண்டியை ரெண்டு மூணு அடி தள்ளி வச்சுட்டு டிடெக்டரை ஓட்டுங்க, இல்லைன்னா அதுக்கே "பீப்" அடிக்கும். சத்தம் வந்த இடத்தைச் சுத்தி ஒரு சாண் விட்டு வெட்டி, மண்ணைக் கட்டியா எடுத்து, தேடி முடிச்சதும் திரும்ப மூடுங்க.

பானை ஓடு தெரிஞ்சா அங்கேயே நிறுத்துங்க. எதையும் எடுக்காம, பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்து, ஆழத்தைக் குறிச்சுக்கிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.

தம்பி, 3 மி.மீ. தடிமன், ஒரே இரும்பு, ஸ்பிரிங் ஸ்டீல். இதை வாங்கினா பல வருஷம் வரும். வாங்கின கையோட ஒரு நாள், ராணி மங்கம்மாள் மண்டபத்துல இருக்கிற அருங்காட்சியகத்தைப் பார்த்துட்டு வாங்க. எங்க வாத்தியார் கேட்ட கேள்வியை யாராவது உங்ககிட்ட கேட்டா, உங்ககிட்டயாவது பதில் இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.