ஒலிப்பெட்டி வாங்குமுன் கண்ணை மூடிக் கேளுங்கள்



பருப்பு விலை, வற்றல் வரத்து என்று இந்த இதழில் எழுதி வந்த நாம், இம்முறை பாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுவதைக் கண்டு சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். கடைசியில் விஷயம் நம் கடைக்குத்தான் வந்து சேரும்.

நம் இளைய மகன் புது வீடு கட்டிக் குடி போனான். "அப்பா, ஹாலுக்கு நல்லதாக ஒரு ஸ்டீரியோ செட் வாங்கணும்" என்று பட்டியல் ஒன்றை நீட்டினான். ஆம்ப்ளிபயர் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நமக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அவன் சம்பாதித்த காசு. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. "சரி, சரக்கைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. நானும் வருகிறேன்" என்று மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் நடந்தது

குளிரூட்டிய அறை, மெத்தை நாற்காலி, காபி. விற்பனையாளர் தம்பி மரியாதையாகப் பேசினார். ஒரே ஜோடி ஸ்பீக்கரில், முதலில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆம்ப்ளிபயரை வைத்துப் பாட்டுப் போட்டார். பிறகு அந்த இரண்டே கால் லட்சத்துக்கு மேற்பட்டதை மாட்டினார். "ஆகா! நாதஸ்வரம் நேரில் நிற்கிறதே" என்று நாமே வாய்விட்டுச் சொன்னோம். பணத்தை எண்ண வேண்டியதுதான் பாக்கி.

மகன் படித்தவன். "ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று கைப்பேசியில் ஓசையை அளக்கும் செயலியைத் திறந்தான். விலை உயர்ந்த பெட்டி பாடும்போது ஓசை இரண்டு டெசிபல் கூடுதலாக இருந்தது. தம்பி தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, நாம் குறை சொல்ல வரவில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னான். நம்மைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்தான். எது பாடுகிறது என்று சொல்லாமல் பன்னிரண்டு தடவை மாற்றி மாற்றிப் போடச் செய்தான்.

நாம் சரியாகச் சொன்னது ஆறு. பிறகு மகன் உட்கார்ந்தான். அவன் சொன்னது ஏழு. பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் பன்னிரண்டில் ஆறோ ஏழோ விழும். அப்படியானால் நேரில் நின்ற அந்த நாதஸ்வரம் எங்கே போயிற்று?

நம் காது செய்யும் வேலை

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரே பாட்டைச் சற்றே உரக்க வைத்தால், "உரக்க இருக்கிறது" என்று காது சொல்லாது; "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் இதை ஒட்டிய ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள். ஓசை குறைவாக இருக்கும்போது அடித்தொனி நம் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. ஓசையைக் கூட்டக் கூட்ட அது எழுந்து வருகிறது. ஆகவே உரக்கப் பாடும் பெட்டி, தவில் நிறைந்து பாடுவது போலத் தோன்றும். எடை போடுமுன் தராசு முள்ளை நேராக்குகிறோம் அல்லவா? ஓசை அளவைச் சமமாக்குவதும் அதேதான்.

இரண்டாவது, கண். 1994-ல் அமெரிக்காவில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ் என்ற இரு ஆய்வாளர்கள், அந்த நிறுவனத்திலேயே வேலை செய்யும் 40 பேரைக் கூட்டி நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு முறை பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து. ஒரு முறை கண் முன்னால் வைத்து. கண்ணால் பார்த்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, விலை குறைந்த பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. அதுமட்டுமல்ல, பெட்டியை இடம் மாற்றி வைத்தால் ஓசை மாறும். திரை இருந்தபோது அதைக் கவனித்தவர்கள், பெட்டியைப் பார்த்தபோது அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தொழில் தெரிந்தவர்கள்!

இது புதிய சங்கதியும் அல்ல. 1915 முதல் எடிசன் கம்பெனி தன் இசைத்தட்டுப் பெட்டியை மேடையில் வைத்து, பக்கத்தில் பாடகரை நிறுத்திப் பாட வைத்தது. விளக்கை அணைத்ததும் பாடுவது ஆளா, தட்டா என்று தெரியவில்லை என்று சபையோர் வியந்தார்கள். மேடையில் பாடிய ஆனா கேஸ் என்ற அம்மையார், பெட்டியின் ஓசைக்குப் பொருந்தும்படி தம் குரலைத்தான் அடக்கிக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். பெட்டி மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர் பெட்டியைப் போலப் பாடியிருக்கிறார்.

2007-ல் வெளியான ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். சாதாரண சி.டி.யைவிட உயர்ந்தது என்று விற்கப்பட்ட ஒலித்தட்டுகளை அப்படியே ஒரு முறையும், சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் போட்டு, எது எது என்று தெரியாமல் பலரைக் கேட்க வைத்தார்கள் மேயர், மோரன் என்ற இருவர். மொத்தம் 554 தடவை. சரியாகச் சொன்னது 276. சரிபாதிகூட இல்லை.

வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அன்று அதே கடையில், கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர்களை மாற்றிக் கேட்டோம். உடனே தெரிந்தது. ஒன்றில் குரல் மூக்கடைத்தது போல இருந்தது; ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி தெளிவில்லாமல் குமுறியது; ஒன்றில் வீணையின் மீட்டு தனித்தனியாக விழுந்தது. நாம் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தது நடுவிலைப் பெட்டி. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஓசை மாறும். ஆம்ப்ளிபயர் பழுதில்லாமல், சக்திக்கு மீறி ஓடாமல் இருந்தால் மாற்றம் மிகக் குறைவு. ஒயருக்கு, வீட்டு அளவுக்குத் தக்க தடிமனான சாதாரணச் செம்பு ஒயரே போதும்.

அடுத்தது அறை. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது எதிரொலியால் புரியவில்லை. சரி செய்ய வந்த சபைன் என்ற ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். நமக்கு இது புதிதா? குடோனில் மூட்டை நிறைந்திருக்கும்போது ஆளைக் கூப்பிட்டால் குரல் அமுங்கிப்போகும். சரக்கு போன பின் கூப்பிட்டால் நாலு சுவரும் திருப்பிக் கூப்பிடும். வழவழப்பான டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக உள்ள ஹாலில் ஐந்து லட்ச ரூபாய்ப் பெட்டியும் காலி குடோனில் பாடுவது போலத்தான் பாடும். கனமான திரைச்சீலை, ஜமுக்காளம், துணி உறை போட்ட சோபா ஆகியவற்றுக்கு முதலில் செலவழியுங்கள்.

இன்னொன்று நம் வயது. இளம் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். வயது ஏற ஏற மேல்தொனி குறைந்துகொண்டே வரும். ஜால்ராவின் நுனி ஓசையை மகன் கேட்டான், நமக்குக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத காதுக்குப் பணம் கொடுப்பானேன்?

வாங்கப் போகிறவர்களுக்கு

1. நன்கு பழகிய பாட்டு நாலைந்தை நீங்களே கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு, அவர் பெட்டிக்குப் பொருந்திய பாட்டு. தனிக் குரல் ஒன்று, தவிலோ மிருதங்கமோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

2. ஓசை அளவைச் சமமாக்கி, பெட்டியைப் பார்க்காமல், வேறொருவர் மாற்றிப் போடக் கேளுங்கள். ஒரு தடவை போதாது. பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வாட்ஸ் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும். ஓசை இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். "பி.எம்.பி.ஓ." என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பது ஒரு நொடி உச்சக் கணக்கு, அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரும் "ஆர்.எம்.எஸ்." வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். இத்தகைய விளம்பரக் கணக்குகளை ஒழுங்குபடுத்த அமெரிக்க வணிக ஆணையம் 1974-லேயே விதி போட்டது.

4. ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கும். சற்றுத் தள்ளி, மேல்தொனி வரும் சிறு ஸ்பீக்கர் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள்.

5. பணத்தில் பெரும் பங்கு ஸ்பீக்கருக்கு, அடுத்தது அறைக்கு, மிச்சம் மற்றவைக்கு.

இந்தக் கணக்கில் மகனுக்கு ஒன்றே கால் லட்சத்தோடு காரியம் முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை; நாமும் மாலையில் போய் உட்கார்ந்து கேட்கிறோம்.

நம் கடைக்கு வருவோம்

நிற்க. பஸ்ஸில் திரும்பும்போது நமக்கு வேறொரு நினைப்பு வந்து உறுத்தியது. பதினைந்து வருஷமாக நமக்குத் துவரம்பருப்பு அனுப்பிய ஒரு சிறிய மில்லை, இரண்டு வருஷத்துக்கு முன் நிறுத்திவிட்டோம். "தரம் இறங்கிவிட்டது" என்று சொன்னோம். பளபளப்பான பையில் படம் அச்சடித்து வந்த வேறொரு சரக்கை, மூட்டைக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். நாற்பது வருஷம் குத்தூசி பிடித்த கை. நம் தீர்ப்பில் நமக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் அந்த மில் சரக்கில் ஒரு மூட்டையைத் தெரிந்த கடையில் வாங்கி, நாம் விற்கும் சரக்கோடு சேர்த்து ஐந்து மாதிரிகளைத் தட்டில் போட்டு, அடியில் எண் எழுதி, எது எது என்று சொல்லாமல் கொண்டு வரும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னோம். மணி, நிறம், ஒடிசல் பார்த்தோம். வீட்டில் ஐந்தையும் தனித்தனியாக வேக வைத்தும் பார்த்தோம். இரண்டிலும் நாம் முதலில் எடுத்து வைத்தது அந்தச் சிறிய மில் சரக்கு. மூன்று நாள் தட்டை மாற்றி மாற்றி வைத்தோம். மூன்று நாளும் அதுவே.

அவருக்குப் போன் போட்டோம். குற்றம் சாட்டுவார் என்று நினைத்தோம், சாட்டவில்லை. "அண்ணாச்சி, சரக்கு எப்பவும் போலத்தான் இருந்துச்சு. சாக்குதான் நான் மாத்தல" என்றார். நம் ஆர்டர் நின்ற வருஷம் நாலு ஆட்களை நிறுத்த வேண்டி வந்ததாம். அதை நாம் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். இப்போது மாதம் ஐம்பது மூட்டை அனுப்புகிறார். நிறுத்திய நாலு பேரில் இருவர் திருப்பூர் போய்விட்டார்கள். அவர்களை நாம் திருப்பிக் கொண்டுவர முடியாது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவர்கள் சொன்னதைப் பிறருக்குச் சொல்லித்தான் பழகியிருந்தோம். இப்போது நம் மண்டியில் புது மாதிரி எது வந்தாலும் பெயர் தெரியாமல் தட்டில்தான் வருகிறது. விலை பேசுவது அதற்குப் பிறகு. வணிகப் பெருமக்களும் ஒரு நாள் செய்து பாருங்கள். ஐந்து தட்டு, ஒரு பேனா, செலவு ஒன்றுமில்லை.