பனிக்காட்டுப் பங்காளிகள்



ஒரே சொத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறவர்களைப் 'பங்காளிகள்' என்று சொல்வோம் அல்லவா? காட்டிலும் அப்படிப் பங்காளிகள் உண்டு. இன்று உங்களை அப்படி இரண்டு பங்காளிகளைப் பார்க்க அழைத்துப் போகிறேன். ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். நாம் போகும் இடத்தில் பனிக்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 20, 30 டிகிரி என்று இறங்கிவிடும்!

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டி இருக்கும் மாநிலம் மின்னசோட்டா. அதன் வடகிழக்கு மூலையில், சுப்பீரியர் என்ற மிகப் பெரிய ஏரியின் கரையோரம் அடர்ந்த காடு இருக்கிறது. ஊசியிலை மரங்கள், நூற்றுக்கணக்கான சிறு ஏரிகள், சதுப்பு நிலங்கள் நிறைந்த காடு. அங்கேதான் நம் பங்காளிகள் இருக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும்

முதல் பங்காளியின் பெயர் மூஸ். உலகிலுள்ள மான் இனங்களிலேயே மிகப் பெரியது இதுதான். தோள் வரைக்குமே ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம்! உங்கள் வகுப்பறைக் கதவை நிமிர்ந்து பாருங்கள், புரியும். வளர்ந்த ஆண் மூஸின் எடை 400 முதல் 500 கிலோ. தொங்கும் மூக்கு, தாடைக்குக் கீழே தாடி போல ஆடும் தோல், விரித்த உள்ளங்கை போன்ற அகலமான கொம்பு. இந்தக் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

இரண்டாவது பங்காளி வெண்வால் மான். தோள் உயரம் ஒரு மீட்டர்தான் இருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்போது வாலின் அடிப்பக்க வெள்ளை நிறம் கொடி போலத் தெரியும். 'ஆபத்து! ஓடுங்கள்!' என்று மற்ற மான்களுக்கு அது ஓர் அறிவிப்பு.

சண்டை இல்லாத சாப்பாடு

இரண்டும் இலை தழை தின்பவை. இரண்டும் ஒரே காட்டில் இருப்பவை. அப்படியானால் சாப்பாட்டுக்குச் சண்டை வராதா?

பெரும்பாலும் வருவதில்லை. வீட்டு அலமாரியில் மேல் தட்டு அண்ணனுக்கு, கீழ்த் தட்டு தம்பிக்கு என்று பிரித்துக்கொள்வது போலத்தான். மூஸ் தன் கழுத்தை நீட்டி, இரண்டரை மீட்டர் உயரத்தில் உள்ள கிளையையும் எட்டிப் பிடித்துவிடும். வெண்வால் மானுக்கு அந்த உயரம் எட்டாது. அது செடி, புல், தாழ்ந்த கிளைகள் என்று மேயும்.

கோடைக்காலம் வந்தால் மூஸ் நேராக ஏரிக்குள் இறங்கிவிடும். தலையை நீருக்குள் விட்டு, அடியில் வளரும் தாவரங்களைப் பிடுங்கித் தின்னும். நிலத்துச் செடிகளில் குறைவாகக் கிடைக்கும் உப்புச்சத்து நீர்த் தாவரங்களில் நிறைய இருக்கிறது. உடம்பும் குளிர்ச்சியாகும்.

பனிதான் வேலி

பனிக்காலத்தில் இன்னொரு பிரிவினை நடக்கும். பனி அரை மீட்டருக்கு மேல் குவிந்துவிட்டால் வெண்வால் மான் தவித்துப் போகும். அதன் மெல்லிய கால்கள் பனிக்குள் புதைந்துவிடும். அதனால் மான்கள் எல்லாம் அடர்ந்த ஊசியிலை மரங்களுக்குக் கீழே, பனி குறைவான இடத்தில் கூட்டமாக ஒதுங்கிக்கொள்ளும்.

மூஸுக்கு அந்தக் கவலையே இல்லை. நெட்டைக் கால்களைத் தூக்கி வைத்து ஜம்மென்று நடக்கும். அதன் முடிகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் குளிர் உள்ளே போகாது. கம்பளிக்குள் இருப்பது போல!

கடும் பனியில் ஏராளமான மான்கள் இறந்தும் போகும். அதனால் பழைய காலத்தில் இந்த வடக்குக் காட்டில் வெண்வால் மான்கள் மிகவும் குறைவு. பனிதான் இரண்டு பங்காளிகளுக்கும் நடுவில் வேலியாக இருந்தது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மனிதர்கள் மரங்களைப் பெருமளவில் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் இளந்தளிர்கள் முளைத்தன. மான்களுக்கு விருந்து! அவை வடக்கே நகர்ந்து வந்தன. இப்போது பூமி சூடாகி, பனிக்காலமும் சுருங்கி வருகிறது. வேலி தாழ்ந்துகொண்டே போகிறது.

வந்தால் என்ன, சண்டைதான் இல்லையே என்கிறீர்களா? இங்கேதான் நம் கதையில் மூன்றாவது ஆள் வருகிறான்.

மயிரிழைப் பகைவன்

வெண்வால் மானின் மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஒரு புழு வாழ்கிறது. மயிரிழை போல மெல்லியது. 'மூளைப்புழு' என்றே அதற்குப் பெயர். அது செய்யும் பயணத்தைக் கேளுங்கள்.

புழு இடும் முட்டைகள் இரத்தத்தோடு மானின் நுரையீரலுக்குப் போகும். அங்கே குஞ்சுப் புழுக்கள் பிறக்கும். மான் இருமும்போது அவை தொண்டைக்கு வரும். மான் விழுங்கிவிடும். பிறகு புழுக்கைகளோடு வெளியே வந்துவிடும். அதன் மேல் நத்தை ஊர்ந்து போனால், நத்தையின் உடம்புக்குள் நுழைந்துகொள்ளும். அந்தக் குட்டி நத்தை ஓர் இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு மான் இலையோடு நத்தையையும் சேர்த்துத் தின்றுவிடும். புழு அங்கிருந்து முதுகுத் தண்டு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்!

வெண்வால் மானுக்கு இதனால் பெரும்பாலும் எந்தத் தீங்கும் இல்லை. நெடுங்காலமாக இரண்டும் பழகிவிட்டன. ஆனால் அதே நத்தையை ஒரு மூஸ் தின்றுவிட்டால்?

புழு வழி தவறிப் போய், மூஸின் மூளையையும் முதுகுத் தண்டையும் துளைத்துவிடும். பாவம், அவ்வளவு பெரிய விலங்கு கால் தடுமாறும். தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றும். மனிதரைக் கண்டால்கூடப் பயந்து ஓடாமல் நிற்கும். பெரும்பாலும் இறந்துவிடும், அல்லது ஓநாய்க்கு இரையாகிவிடும்.

இந்த நோய்க்குக் காரணம் தெரியாமல் பல பத்தாண்டுகள் எல்லாரும் குழம்பினார்கள். கனடா நாட்டு விஞ்ஞானி ராய் ஆண்டர்சன், மானிடமிருந்து வந்த புழுவை மூஸுக்குக் கொடுத்துச் சோதித்து, இதுதான் காரணம் என்று 1964ஆம் ஆண்டில் நிரூபித்தார்.

எண்கள் சொல்லும் கதை

2006ஆம் ஆண்டில் வடகிழக்கு மின்னசோட்டாவில் சுமார் 8,800 மூஸ்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2013ஆம் ஆண்டில் அது 3,000க்கும் கீழே இறங்கிவிட்டது! அந்த ஆண்டே மாநில அரசு மூஸ் வேட்டையை நிறுத்தியது. அதன் பிறகு எண்ணிக்கை மேலும் சரியாமல் நின்றிருக்கிறது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தக் காட்டின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களுக்கு மூஸ் தலைமுறை தலைமுறையாக உணவு தந்த விலங்கு. அவர்களும் இன்று மூஸைக் காக்கும் ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறார்கள்.

மூளைப்புழு மட்டுமே காரணம் அல்ல. மான்கள் பெருகினால் அவற்றைத் தின்னும் ஓநாய்களும் பெருகும். அந்த ஓநாய்கள் மூஸ் குட்டிகளையும் பிடிக்கும். உண்ணித் தொல்லையும் உண்டு. போதாததற்கு வெப்பம். பனிக்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரை குறைந்தாலே மூஸுக்குப் புழுக்கம் தொடங்கிவிடும் என்று 1986ஆம் ஆண்டில் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. நமக்கு ஐஸ் பெட்டி, அதற்குப் புழுக்கம்!

மான் இல்லாத இடத்தில் மூஸ் எப்படி இருக்கிறது? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் வெண்வால் மானும் இல்லை, அது சுமக்கும் மூளைப்புழுவும் இல்லை. ஓநாய்களும் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. 1904ஆம் ஆண்டில் நான்கே நான்கு மூஸ்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே இருப்பவை சுமார் ஒரு லட்சம்! அதுவும் அளவுக்கு மீறிய பெருக்கம்தான். இளமரங்களைத் தின்று தீர்த்து, அங்குள்ள காட்டை வளரவிடாமல் செய்கின்றன.

யார் குற்றவாளி?

மான்தான் குற்றவாளி என்று சொல்லலாமா? கூடாது. அது பசிக்குத் தளிரைத் தேடி வந்தது. தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. புழுவும் தன் போக்கில் வாழ்கிறது. வேலியைத் தாழ்த்தியவர்கள் மனிதர்கள். சரி செய்ய வேண்டியவர்களும் மனிதர்கள்தானே?

மின்னசோட்டாவில் மூஸ் வாழும் பகுதிகளில் மான்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்க முயல்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள்: 'பனிக்காலத்தில் மான்களுக்குத் தீனி வைக்காதீர்கள்.' பசித்த மானுக்கு ஒரு கை தானியம் வைப்பது நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் தீனி வைத்த இடத்தில் மான்கள் கூடும். புழுக்கை குவியும். நத்தை வரும். அடுத்து மூஸ் வரும். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்.

காட்டு விலங்குக்கு அன்பு காட்டுவது என்றால் தீனி கொடுப்பது மட்டும் அல்ல. அதன் இடத்தை அதற்கு விட்டுக்கொடுப்பதும் அன்புதான். அந்த மூஸுக்கு வேண்டியது கொஞ்சம் குளிரும், நிறையப் பனியும்தான்.

உண்ணி துளிகள்

* பனிக்கால உண்ணி வெண்வால் மானின் மேலும் ஏறும். மான் உடம்பை நக்கியும் கடித்தும் பெரும்பாலானவற்றை நீக்கிவிடும். மூஸுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

* ஒரே மூஸின் உடம்பில் 50,000க்கும் மேற்பட்ட உண்ணிகள் இருந்தது உண்டு.

* அரிப்புத் தாங்காமல் மரத்தில் உரசி உரசி முடியெல்லாம் கொட்டி, வெளிறிப்போய் நிற்கும் மூஸை அந்த ஊர்க்காரர்கள் 'பேய் மூஸ்' என்கிறார்கள்.