மோர்டன் ஸ்டேஷன் கேட்டில் ஒரு ஜாவா பாடம்

ஏ-லெவல் கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தக் கேள்வி ஒருநாள் வரும்: "அப்பா, அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம்?" என் மகளுக்கு நான் காட்டிய உதாரணம், நாங்கள் எந்நாளும் கடக்கிற மோர்டன் ஸ்டேஷன் கேட்.

அந்த மஞ்சள் வட்டத்தில் ஓய்ஸ்டரை வைக்கலாம். 2014 செப்டெம்பரிலிருந்து வங்கி கார்டையும் வைக்கலாம். உள்ளே இரண்டும் வேறு வேறு. ஓய்ஸ்டரில் மிச்சக் காசு கார்டிலேயே பதிந்திருக்கும். வங்கி கார்டென்றால், அன்றைய பயணங்களைக் கூட்டிப் பார்த்துப் பிறகுதான் காசு எடுப்பார்கள். கேட் அதையெல்லாம் கேட்காது. வைத்தால் பதில் வரவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தம்தான் இன்டர்ஃபேஸ்.

இனி ஓய்ஸ்டரை மட்டும் எடுங்கோ. பெரியவர்களின் கார்ட், 16+ பிள்ளைகளின் ஸிப் கார்ட் இரண்டுக்கும் நம்பரும் மிச்சக் காசும் பொது. கட்டணம்தான் வேறு: 16+ பிள்ளைக்கு ட்யூபில் பாதி. இதை ஜாவாவில் எழுதினால், பொதுவானதை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, கட்டணக் கணக்கை மட்டும் "நீயே நிரப்பு" என்று வெறுமையாக விடலாம். அதுதான் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அது முழுமையில்லாதபடியால் அதிலிருந்து நேரே ஒரு கார்ட் உருவாக்க முடியாது.

ஜாவாவில் ஒரு கிளாஸுக்குத் தாய் கிளாஸ் ஒன்றுதான். இன்டர்ஃபேஸ் எத்தனையும் இருக்கலாம். பிறக்கிறது ஒரு வீட்டில்தான், கையெழுத்து எத்தனை ஒப்பந்தத்திலும் போடலாம்.

ஒரு விஷயத்தில் கவனம். "இன்டர்ஃபேஸில் பெயர் மட்டும்தான், கோட் இருக்காது" என்று பழைய நோட்ஸில் இருக்கும். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 அதை மாற்றிவிட்டது. ஏற்கெனவே பலர் பாவிக்கிற இன்டர்ஃபேஸில் புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தால், அதை நிரப்பாத கிளாஸ் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். அதற்காகத்தான் டிஃபோல்ட் மெதட் வந்தது. ஆனால் மிச்சக் காசு மாதிரி, கார்டுக்குக் கார்ட் மாறுகிற தரவை இன்டர்ஃபேஸ் இன்றும் வைத்திருக்காது. இன்றைக்கு நிற்கிற வித்தியாசம் அதுதான்.

புரொஜெக்ட் செய்கிற பிள்ளையிடம் தமிழிலேயே கேளுங்கோ: "இதுகளுக்குப் பொதுவாத் தரவும் இருக்கா, இல்லை செய்யிற வேலை மட்டும்தான் பொதுவா?" தரவும் இருந்தால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், வேலை மட்டும் என்றால் இன்டர்ஃபேஸ். இதைக் கேட்க எங்களுக்கு ஜாவா தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினால், மனப்பாடம் செய்த வரியைத் தாண்டி யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.